கடல் பொது என்கிறார்கள், கரை யாருடையது?

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கடலே பார்க்காத மதுக்கரைக்கும் அது தெரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் இறங்கக்கூடாது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் விலை ஏறும். கடல்மீன் வாங்கிய வீடுகளில் குளத்து ஜிலேபி வேகும். எங்கள் தெருவுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இருக்கிற உறவு அவ்வளவுதான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் கடலோர மீன்வளம் பற்றிப் படிக்கலாம் என்று முடிவு செய்தபோது கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "நமக்கெதுக்குங்க கடலு? நம்ம பிரச்சனையே தலைக்கு மேல கெடக்குது." நியாயமான கேள்வி. சுடுகாட்டுப் பாதை, பட்டா, கல்வி உதவித்தொகை என்று அலைகிறவர்களிடம் இறால் முட்டையிடும் காலத்தைப் பற்றிப் பேசினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் படிக்கப் படிக்க, பிச்சாவரம், பாம்பன் என்று போய்ப் பார்க்கப் பார்க்க, எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. குளம், கிணறு, மந்தை, காடு என்று எதையெல்லாம் 'பொது' என்கிறார்களோ, அங்கெல்லாம் நம்மிடம் கேட்கப்படும் அதே கேள்விதான் கடற்கரையிலும் கேட்கப்படுகிறது: "நீ யார்? உனக்கு இங்கே என்ன உரிமை?" அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்த பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

கடலை மீட்பது பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் இப்போது ஒரு சொற்றொடர் தவறாமல் வருகிறது: 'அறிவியலும் மரபறிவும் கைகோக்க வேண்டும்.' இதை நாங்கள் மறுக்கவில்லை. அது உண்மையாகவே பலன் தந்த இடங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகளில் ஒன்று யாருடைய கை என்று கேட்காமல் விட்டால், பழைய அநீதிக்குப் புதுப் பெயர் சூட்டிய கதையாகத்தான் முடியும்.

பிச்சாவரம்: காட்டை அழித்தது யார்?

முதலில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சுற்றுலாப் படகில் போகிறவர்களுக்கு அது சினிமாப் பாட்டு எடுத்த இடம். மீனுக்கோ அது தாய்வீடு. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் ஒளிந்து வளர்ந்து, மறுபடியும் கடலுக்குப் போகின்றன. காடு போனால் கடலில் வலைபோடுகிறவருக்கும் மீன் குறையும்.

அந்தக் காடு ஒரு கட்டத்தில் பெருமளவு வெறும் களர் நிலமாகிப் போனது. யார் காரணம்? விறகு வெட்டுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள் என்று வழக்கமான பதில் தயாராக இருந்தது. ஏழையின் கையில் இருக்கும் அரிவாள்தான் எப்போதும் முதலில் கண்ணில் படும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தபோது வேறு கதை வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை வனத்துறையே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடித்து வெட்டிவந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஈரம் காய்ந்து மண் அமுங்கி, நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த உப்புத்தண்ணீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. உப்பு ஏற ஏற விதை முளைக்கவில்லை. உமரிச் செடி மட்டும் மிஞ்சியது.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பும். கரையோரம் வெண்கண்டல் நட்டார்கள். காடு திரும்பியது. கூட்டு அலையாத்திக் காடு மேலாண்மை என்ற பெயரில் மற்ற கடலோரங்களுக்கும் இந்த முறை போனது.

இதில் இருளர்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்டால், எல்லா இடத்திலும் வருகிறார்கள். பிச்சாவரம் ஓரத்தில் எம்.ஜி.ஆர். நகர் என்ற குடியிருப்பில் இருக்கும் இருளர்கள் பல தலைமுறையாகக் கையால் மீன் பிடிக்கிறவர்கள். வத்தம் இறங்கும் நேரம் பார்த்து இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பறியில் போட்டுக்கொள்வார்கள். எந்த ஓடையில் சேறு எவ்வளவு ஆழம், எந்த வளைவில் தண்ணீர் தங்கும், எங்கே வேகமாக வடியும் என்பது அவர்கள் விரல் நுனிக்குத் தெரியும். வாய்க்கால் வெட்டியதிலும், ஆண்டுதோறும் தூர் வாரியதிலும் இந்த அறிவும் இந்த உழைப்பும்தான் நின்றன.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெருமளவு தப்பின. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை இதைப் பதிவு செய்திருக்கிறது. உலகம் முழுவதும் அலையாத்திக்குக் கிடைத்த மரியாதையில் இந்தக் காட்டுக்கும் பங்கு உண்டு.

மரியாதை மரத்துக்குக் கிடைத்தது. மனிதர்களுக்கு? சுனாமி நிவாரணம் படகுக்கும் வலைக்கும் கணக்குப் பார்த்தது. வெறும் கையால் மீன் பிடிப்பவருக்கு எதை இழந்ததாகக் கணக்கு எழுதுவது? தமிழகக் கடற்கரை நெடுக இதுதான் நடந்தது. மீன் சுமந்த, கருவாடு காயவைத்த, உப்பளத்தில் கூலிக்குப் போன, கடல்நீர் ஏறிய வயலில் வேலை பார்த்த தலித் குடும்பங்கள் 'மீனவர் இல்லை' என்ற ஒரே சொல்லில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அப்போது வந்த உண்மையறியும் குழு அறிக்கைகள் பலவற்றில் இது திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. இளம் தோழர்கள் அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது தில்லை மரத்தால். கோயிலுக்கு அது தல விருட்சம். அந்த மரம் இயல்பாக வளர்வது பிச்சாவரக் காட்டில்தான், இருளர்கள் காக்கும் சேற்றில். நந்தனை வாசலில் நிறுத்திய ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் இன்றைக்கும் ஊருக்கு வெளியேதான் உயிரோடு இருக்கிறது.

பாம்பன்: நாட்கணக்கைப் போட்டவர்கள் பெண்கள்

அடுத்தது மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். இந்தத் தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப் பாறைகள் பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டன. எங்கள் மதுக்கரையும் சுண்ணாம்புக்கல் ஊர். 1930களில் தொடங்கிய சிமெண்ட் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். மலையைத் தோண்டினால் குழி கண்ணுக்குத் தெரியும். கடலுக்குள் தோண்டினால் தெரியாது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போன பிறகுதான் அங்கே வெட்டியதன் அளவு புரிந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சுனாமிக்குப் பிறகு வெட்டுவது நின்றது. இப்போது தூத்துக்குடியில் ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் பதியம் போட்டு வளர்க்கிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். நல்ல அறிவியல். இதை வரவேற்கிறோம்.

ஆனால் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்ற பலகை வைத்தால், முதலில் தடுக்கப்படுவது யார்? பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசி பறிப்பவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலுக்கு ரப்பர் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மணிக்கணக்காகக் கடலில் இருப்பார்கள். ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் நாம் சாப்பிடும் அகார், அல்ஜினேட் எல்லாம் இவர்கள் பறிக்கும் பாசியிலிருந்து வருபவை. பூங்கா எல்லை இறுகியபோது, தாய்மார் காலத்திலிருந்து போய்வந்த தீவுகளுக்குப் போவது குற்றமாயிற்று. படகும் பாசியும் பறிமுதல், அபராதம், அவமானம்.

அவர்கள் செய்தது எங்களைப் போன்ற களப்பணியாளர்களுக்குப் பாடம். 'எங்களைத் தடுக்காதே' என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை, தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும்தான் பாசி எடுப்பது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி கூடாது, கைதான் கருவி. பாசி மறுபடி தழைக்க விடுவதற்கு இது போதுமான இடைவெளி என்பது அவர்கள் அனுபவக் கணக்கு. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களின் கூட்டமைப்பை முன்னின்று நடத்தியவர். 2015இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான அமெரிக்காவின் சீகாலஜி விருது அவருக்குக் கிடைத்தது.

இதே கடலில் அறிவியலின் பெயரால் நடந்ததையும் பாருங்கள். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி ஆராய்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்டு, பிறகு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்த வளர்ப்பாகக் கடலில் பரவியது. அது குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடுவதை 2008இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 12 நாள் கணக்கு வைத்த பெண்கள் பூங்காவின் எதிரியாகப் பார்க்கப்பட்டார்கள். பவளத்தை மூடிய பாசிக்கு 'வாழ்வாதாரத் திட்டம்' என்று பெயர். அந்தப் பாசி வளர்ப்பில் வருமானம் பெறும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. 2023இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டியாயிற்று. எங்கள் கேள்வி வளர்ப்பு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்தப் பாசி, எந்த இடம் என்று தீர்மானிக்கும் மேசையில் மூழ்கி எடுப்பவருக்கு நாற்காலி உண்டா என்பதுதான்.

சாதியைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. அந்தக் கரையில் கடையர் சமூகத்தவர் நிறைய இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்கள், கடலில் மூழ்குவதில் தேர்ந்தவர்கள். பட்டியல் சாதியினர். 2021இல் நாடாளுமன்றம் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் ஏழு பிரிவுகளைக் கொண்டுவந்தபோது, கடலோர மாவட்டங்களின் கடையர் மட்டும் அதில் சேராமல் தனிப் பெயராகப் பட்டியலில் நின்றார்கள். 'தலித் என்றால் வயல், மீனவர் என்றால் கடல்' என்று பிரித்துப் பழகிய நம் பாடப்புத்தகங்களில் இவர்களுக்கு இடமே இல்லை. நாங்கள் சமூகவியல் படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூட கடலில் தலித் மக்கள் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

பழவேற்காடு: யாருடைய மரபு?

மூன்றாவது இடம்தான் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதிகச் சண்டை மூட்டியது. பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஓதத்தோடு இறால் ஓடும் சில தடங்கள் ஏரியில் உண்டு. அங்கே வலை கட்டினால் நல்ல வரத்து. எல்லோரும் ஒரே இடத்தில் கட்டினால் சண்டையும் வரும், இறாலும் மிஞ்சாது. அதனால் ஊர் கூடிச் சீட்டு எடுத்து, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைக்கிறார்கள். பணக்காரன், ஏழை என்று இல்லை, உறுப்பினர் எல்லோருக்கும் முறை சுற்றி வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் போடும்.

படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது! உலக ஆய்வாளர்கள் இதை மெச்சி எழுதியதில் வியப்பில்லை. பொதுச் சொத்தை மக்களே கட்டுப்பாட்டோடு காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009இல் எலினார் ஆஸ்ட்ராமுக்குப் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அவர் சொன்ன முதல் இலக்கணம், எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. யார் உள்ளே, யார் வெளியே என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது.

நம் நாட்டில் அந்த எல்லைக் கோட்டைப் போடுவது சாதி. பாட்டில் பங்கு பட்டினவர் குடும்பத்து ஆண்களுக்கு. அதே ஏரிக்கரையில் தலித் மீனவர்கள் இருக்கிறார்கள். கையால் இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். நல்ல தடங்கள் அவர்களுக்கு இல்லை. பாட்டுக்கு வெளியே, வரத்துக் குறைந்த இடங்களில், சின்ன வலையாலோ வெறும் கையாலோ பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்களுக்கும் பாடு இல்லை.

பட்டினவர்களை எதிரியாக்குவதற்காக இதை எழுதவில்லை. இழுவை மடிப் படகுகளாலும், துறைமுகங்களாலும், அனல்மின் நிலையத்தின் சுடுநீராலும், சாம்பலாலும் அவர்களும் நசுங்குகிறார்கள். அந்தப் போராட்டத்தில் அவர்களோடு நிற்போம். ஆனால் 'மரபறிவைப் பாதுகாப்போம்' என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது, அந்த மரபோடு சேர்ந்து வரும் வேலியையும் பாதுகாக்கச் சொல்கிறாரா என்று நாம் கேட்டே ஆக வேண்டும். ஓதத்தை அறிந்தது அறிவு. ஓதத்தை அறிந்த இன்னொருவரை விரட்டுவது அறிவல்ல, ஆதிக்கம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'பாரம்பரியம்' என்று விற்கிறார்கள். மூட்டையை அவிழ்ப்பதுதான் நம் வேலை.

1927 மார்ச் 20இல் பாபாசாகேப் அம்பேத்கர் மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதும் அது 'பொதுக்குளம்'தான். நகராட்சி எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம்கூடப் போட்டிருந்தது. பொது என்று எழுதிவைத்த தண்ணீரைத் தொட ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களைக் கடுமையாக மறுத்ததும் இதே அனுபவத்திலிருந்துதான். கடலோர ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிப் படிக்கும்போது அந்த உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்

கடலை மீட்கப் பெரும் திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு கடலோர மீட்புத் திட்டத்துக்கு உலக வங்கியின் நிதி வருகிறது. கடற்பசுவும் வேண்டும், கடற்புல்லும் வேண்டும். அவை இருந்தால்தான் மீனும் இருக்கும். நம்மைப் போன்ற இளம் களப்பணியாளர்கள் பலர் இந்தத் திட்டங்களில் வேலைக்கும் போவீர்கள். போகும்போது சில கேள்விகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

திட்டத்தின் பயனாளிப் பட்டியல் எதை வைத்துப் போடப்பட்டது? படகை வைத்தா, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையை வைத்தா, உழைப்பை வைத்தா? அட்டையை வைத்து என்றால், அட்டை இல்லாதவர் யார், அவர் எந்தத் தெரு? கிராமக் குழுவில் தலித், பழங்குடிப் பெண்கள் கையெழுத்து மட்டும் போடுகிறார்களா, வாய் திறக்கிறார்களா? இருளர்க்குச் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? 'உள்ளூர் மக்கள் கருத்துக் கேட்டோம்' என்றால் எந்தத் தெருவில், யார் வீட்டு வாசலில் கூட்டம் நடந்தது? சிறு மீன்பிடிப்புக்காக உலக உணவு, வேளாண் அமைப்பு 2014இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் பாகுபாடின்மையை அடிப்படைக் கோட்பாடாகச் சொல்கின்றன. சென்னையிலிருந்து அதற்காக உழைத்த சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு அந்த ஆவணம் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. இந்திய அரசும் சேர்ந்து ஏற்ற ஆவணம்தான். எடுத்துக் காட்டிப் பேசுங்கள்.

அறிவியலைக் கண்டு ஒதுங்காதீர்கள் என்றும் சொல்ல விரும்புகிறோம். பிச்சாவரத்தில் ஏழைகள் மேல் விழுந்த பழியைத் துடைத்தது மண்ணின் உப்பை அளந்த அறிவியல்தான். உப்புமானியைப் பிடிக்கத் தெரிந்த இருளர் பிள்ளை ஒருத்தி, கடல் உயிரியல் படித்த கடையர் பிள்ளை ஒருத்தி வந்துவிட்டால், 'அறிவியலும் மரபறிவும் கைகோப்பது' என்பதற்கு வேறு அர்த்தம் வரும். இரண்டும் ஒரே கையில் இருக்கும். படிக்கிற தங்கச்சிகள் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பொறியியல் மட்டும்தான் படிப்பு என்று யார் சொன்னது?

கடைசியாக, அந்தத் தம்பியின் கேள்விக்கு நேர்ப் பதில். கடல் நமக்குத் தூரம், குளம் தூரமில்லை. தமிழ்நாட்டு ஏரிகளில் மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். வயல் வயலாகத் தண்ணீர்க் கணக்கு அவர்களுக்குத் தெரியும், அந்த வயலில் ஒரு சென்ட் அவர்களுக்கு இல்லை. நொய்யல் தண்ணீர் வரும் நம் குளங்களில் மீன் குத்தகை போகிறது. குத்தகை எடுத்த சங்கத்தில் உறுப்பினர்கள் யார் யார், நம் காலனியிலிருந்து எத்தனை பேர், குளத்துக்குள் விடப்படும் சாக்கடையை யார் கேட்டார்கள் என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். எங்கள் வட்டம் முதல் மனுவை எழுதத் தொடங்கிவிட்டது. உங்கள் ஊர்க் குளத்துக்கு நீங்கள் எழுதுங்கள். வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.